எனக்கு மட்டும் வந்த பூகம்பம்

பூமி ஆடுகிறது என்றுதான் முதலில் நம்பினேன். நாற்பத்தொன்பது வயதில், முறுக்கு மீசையும் வைத்துக்கொண்டு, நான் மட்டும் நம்பியிருந்தால்கூடப் பரவாயில்லை. கம்பத்தில் ஒரு டீக்கடை முழுவதையும் நம்பவைத்துத் தெருவில் ஓடவிட்டேன்.

ஐப்பசி மாதம், விடிந்தும் விடியாத நேரம். வீட்டிலிருந்து ஜீப் ஸ்டாண்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். நாலு எட்டு வைத்ததும் எதிரே இருந்த மாடி வீடு ஒரு குதி குதித்தது. நின்றேன், வீடும் நின்றது. நடந்தேன், மறுபடியும் குதித்தது. கரண்டுக் கம்பம், தண்ணீர்த் தொட்டி, கட்சிக் கொடி எல்லாம் நான் காலெடுத்து வைக்க வைக்க மேலும் கீழுமாக எகிறின. காலுக்கடியில் தார் ரோடு இலவம்பஞ்சு மெத்தை போல அமுங்கியது. வேறென்ன நினைப்பேன்? எங்களுக்கு மேற்கே மலை, மலைக்கு அந்தப் பக்கம் அணை. எங்கள் ஊரில் நில அதிர்வு என்று யாராவது வாயெடுத்தால் அடுத்து வருகிற பேச்சு அணையைப் பற்றித்தான்.

"ஏலே, எந்திரிச்சு ஓடுங்கடா! பூமி ஆடுது! அணை ஒடையப்போகுது!"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த எட்டுப் பேரும் ஓடினார்கள். ஒருவர் கடித்த வடையோடு ஓடினார், இன்னொருவர் அடுத்தவர் செருப்பில் ஓடினார். எல்லோருக்கும் முன்னால் ஓடிய வீரன் நான். பத்தாவது எட்டில் சாக்கடை ஓரத்தில் குப்புற விழுந்தேன்.

டீ மாஸ்டர் மட்டும் அடுப்பை விட்டு நகரவில்லை. "அண்ணே, இங்கன வந்து பாருங்க. பால்ல கட்டுன ஆடைகூட அசையல," என்றான்.

வடையோடு ஓடியவர் திரும்பி வந்து என்னைத் தூக்கிவிட்டார். உறவில் எனக்கு மாமா முறை. "ஏப்பா மாப்ள, அப்பிடியே அணை ஒடஞ்சாலும் தண்ணி மேக்காம கேரளாவுக்குல்ல போகும்? நமக்கு வாறது மலையக் கொடஞ்சு விட்ட தண்ணிதான? நீ எதுக்கு வேட்டியக்கூடப் பிடிக்காம ஓடுற?"

அது எங்கள் ஊரில் ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பயம் வந்தால் கிழக்கு எது, மேற்கு எது?

அன்றைக்கே எனக்குப் பூகம்பம் என்று பேர் வைத்துவிட்டார்கள். "பூகம்பம் வருது, கிளாஸக் கெட்டியாப் பிடிங்கடா." நானும் சும்மா இருக்கவில்லை. சிரிக்கிறவர்களுக்கு முன்னால் இன்னும் நாலு ஆட்டம் ஆடிக் காட்டினேன். என் பிழைப்பே ஜீப் ஓட்டுவதும் சிரிக்கவைப்பதும்தான்.

கெட்டது என் காது மட்டும் என்றால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். டீக்கடையில் சொல்லிச் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இதில் என் மதினி இருக்கிறார்.

மதினி என் அண்ணன் பெண்டாட்டி. அண்ணன் போய் ஒன்பது வருஷம். கருமாதி முடிந்த மறுவாரமே மதினி ஏலக்காய் எடுக்க மலையேறிவிட்டார். "இங்கனயே இருங்க மதினி, நாங்க சாப்புடுறதச் சாப்புடுவம்," என்று நான் சொன்னதற்கு, "கொழுந்தனாரே, கையும் காலும் நல்லா இருக்கிற வரைக்கும் ஒருத்தரு வாசல்ல நான் நிக்க மாட்டேன். இது என்னைக்குப் போகுதோ அன்னைக்குப் பாப்பம்," என்றார். மலை வேலைதான் அவருக்கு எல்லாம். ஏலத் தோட்டம் சரிவில் இருக்கும். ஈரமும் பாசியுமாகக் கிடக்கும். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். அந்தச் சரிவில் மதினி ஓடி இறங்குவதை நானே பார்த்திருக்கிறேன்.

தினமும் காலையில் என் ஜீப்பில் கம்பம்மெட்டு ரோட்டில் பதினாலு பெண்கள் மேலே போவார்கள். எத்தனை பேர் ஏற்றலாம் என்று சட்டம் சொல்லும் கணக்கு வேறு, அதை விடுங்கள். முன்சீட்டில் என் பக்கத்து இடம் மதினிக்கு. மடியில் தூக்குச்சட்டி, இடுப்பில் மழைக்குக் கட்டும் பிளாஸ்டிக் தாள். எங்கள் இருவருக்கும் இன்னொரு சொந்தமும் உண்டு. ஓட்டைக் காது. சின்ன வயதிலிருந்து மழைக்காலம் வந்தால் எனக்கு இரண்டு காதிலும் சீழ் வடியும். மதினிக்கு இடது காதில்.

காது அடைத்துக்கொள்வது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உள்ளது. மலை ஏறும்போது ஒரு தரம் அடைக்கும், இறங்கும்போது ஒரு தரம். அதற்காக ஸ்டாண்டில் ஒரு வழக்கம். வரிசையில் முதலில் நிற்கிற ஜீப்பில், சாமி படத்துக்குப் பக்கத்தில், ஊதுபத்திக் கட்டோடு ஒரு சொட்டு மருந்து பாட்டில் இருக்கும். கீழே இறங்கி வந்ததும் ஆளாளுக்கு இரண்டு சொட்டு. ஆறேழு டிரைவர்கள் வரிசையாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பார்க்கிறவர்களுக்கு ஏதோ ரகசியம் கேட்கிற மாதிரி இருக்கும். தீர்த்தவன் காலிப் பாட்டிலை மெடிக்கலில் காட்டினால் அதே மாதிரி இன்னொன்று கிடைக்கும். டாக்டர் சீட்டு எங்கே என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கோபம் வந்திருக்கும்.

அந்த வருஷம் மழை ஆரம்பத்திலேயே எனக்குச் சீழ் வைத்தது. டாக்டரிடம் போனேன். காதுச் சவ்வில் ஓட்டை இருக்கிறது என்று சொல்லி, ஒரு வாரத்துக்கு ஒரு சொட்டு மருந்து கொடுத்தார். அது தீர்ந்ததும் மறுபடி போகச் சோம்பல். ஸ்டாண்டு பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். கண்ணுக்கும் காதுக்கும் விடலாம் என்று போட்டிருந்தது. அந்த ஒரு வரியில் விழுந்தேன். கண்ணுக்கே விடுகிற மருந்து காதை என்ன செய்துவிடும்? உலகத்தில் யாராலும் மறுக்கமுடியாத வாதமாக எனக்கு அது பட்டது.

நாலே நாளில் சீழ் நின்றது. நாற்பது வருஷச் சீழ்! அதற்கப்புறம் நான் சும்மா இருப்பேனா? எனக்கென்று தனிப் பாட்டில் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். மலை ஏறுமுன் இரண்டு சொட்டு, இறங்கியபின் இரண்டு சொட்டு, இரண்டு காதிலும். சீழ் நின்றபிறகு எதற்கு என்று கேட்கிறீர்களா? திரும்பி வரக்கூடாது அல்லவா, அதற்குத்தான். மூன்று மாதம் ஒருநாள் விடவில்லை.

அந்த ஆவணியில் மதினி காதும் வடிய ஆரம்பித்தது. வாடை அடிக்கும். பின்சீட்டில் ஒரு பெண் மூக்கை மூடியதை நான் கண்ணாடியில் பார்த்தேன். மதினியும் பார்த்திருக்க வேண்டும், துண்டை எடுத்துத் தலையோடு காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். கீழே வந்து எல்லோரும் இறங்கியதும், "மதினி, தலையச் சாயுங்க," என்றேன்.

இடது காதில் விட்டேன். பிறகு வலது காதுக்கும் சாயச் சொன்னேன்.

"அதுல ஒண்ணும் இல்லையே கொழுந்தனாரே. எதுக்கு அதுக்கும் விடுறீக?"

"ஒண்ணுக்கு மட்டும் விட்டா இன்னொண்ணு கோவிச்சுக்கிரும் மதினி. மூத்தாளுக்குச் சேலை எடுத்தா எளையாளுக்கும் எடுக்கணும்ல?"

இறங்கி நின்ற பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். "ஆத்தா, டிரைவரு டாக்டராகிட்டாரு! அடுத்து ஊசி போடுவாரு, ஓடுங்கடி!" மதினியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வலது காதைக் காட்டினார்.

ஒரு வாரத்தில் வாடை நின்றது. துண்டை அவிழ்த்துவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தினமும் காலை, மாலை, மறக்காமல் நானே விட்டேன். அவர் மறந்த நாளிலும் கூப்பிட்டு விட்டேன்.

இனி மறுபடியும் பூகம்பத்துக்கு வருகிறேன்.

டீக்கடைக் கூத்துக்குப் பிறகும் நான் ஜீப்பை விடவில்லை. அசையாமல் உட்கார்ந்தால் ஒன்றுமில்லை. நல்ல ரோட்டில் தலையை ஆணியடித்த மாதிரி வைத்துக்கொண்டு ஓட்டிவிடுவேன். குழியில் டயர் இறங்கினால்தான் ரோடே துள்ளும். ஐந்தாறு நாள் கழித்து, பனி மூடிய காலையில், ஒரு கொண்டை ஊசி வளைவில் ஜீப் குலுங்கியது. தடுப்புச் சுவர் ஒன்று மூன்றாகக் குதித்தது. எந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் ரோடு இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. பிரேக்கில் ஏறி நின்றேன்.

"எல்லாரும் இறங்குங்க. மேல மண்ணு சரியுது, கண்ணால பாத்தேன். நடந்து வாங்க!"

பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் பாறையைப் பார்த்தார்கள். பாறை கல்லுப் போல இருந்தது. "பூகம்பத்துக்கு அடுத்து மண்சரிவா? நாளைக்கு என்னண்ணே, எரிமலையா?" என்றாள் பின்சீட்டுக்காரி. ஜீப் முதலாளிக்கு அன்று மத்தியானமே செய்தி போனது. சாயங்காலம் சாவி வேறொருவன் கைக்குப் போனது.

இப்போது நினைத்தால் ஒன்று உறுத்துகிறது. அன்று மதினி ஒரு கேலியும் சொல்லவில்லை. முன்கம்பியை இரண்டு கையாலும் விரல் வெளுக்கப் பிடித்துக்கொண்டு, என்னைப் போலவே தலையை அசைக்காமல் எதிரே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓட்டுகிற விதத்துக்குப் பயந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

வீட்டில் உட்கார்ந்ததும் பயம் ஒழுங்காக வேலையைத் தொடங்கியது. முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் ஆளே பக்கவாட்டில் சாய்ந்தேன். இருட்டில் கொல்லைப்பக்கம் போனால் சுவர்தான் துணை. சரி, மூளையில் கட்டி என்று முடிவு கட்டினேன். சாவுக்கு ஆயத்தம் ஆனேன். கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸுக்கு என்று ஒரு போட்டோவைத் தேர்ந்தெடுத்து வைத்தேன், கறுப்புக் கண்ணாடி போட்டது.

என் வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "இந்தப் போட்டோவா? செத்தும் என் மானத்த வாங்கணுமா? கண்ணாடி போட்டா கட்டி தெரியாதுன்னா?" என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதாள். அந்தப் பக்கம் ஆடி ஆடி நடந்து போய், "சும்மா சொன்னேன்," என்றேன்.

தலைசுற்றல் என்றால் காதில்தான் கோளாறு என்று பக்கத்து வீட்டில் யாரோ சொன்னார்கள். அதில் பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு சொட்டை ஐந்து சொட்டாக்கினேன். மதினிக்கும் ஒரு புதுப் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். "ஜீப்புல நான் இல்லைன்னு விட்டுராதீக மதினி, நீங்களே விட்டுக்கங்க."

"சரி கொழுந்தனாரே," என்றார்.

அந்த வாரமே மதினி தோட்டத்தில் விழுந்தார். மணிக்கட்டு வீங்கி, துணியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். நான் கட்டிலில் கிடந்தபடியே, "என்ன மதினி, உங்களுக்கும் பூகம்பமா?" என்றேன். வீடே சிரித்தது. மதினியும் சிரித்தார். "பாசி வழுக்கிருச்சு கொழுந்தனாரே," என்றார். கட்டை அவிழ்க்காமலே இரண்டாம் நாள் மறுபடி மலையேறினார்.

தேனிப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் என் மண்டையைப் படம் பிடித்தார்கள். கட்டி ஒன்றும் இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது, ஃப்ளெக்ஸ் வரைக்கும் போனவன் அல்லவா? அங்கிருந்து காது டாக்டரிடம் அனுப்பினார்கள். சின்ன வயது அம்மா. என் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "என் மூக்கையே பாருங்க," என்றார். "வீட்ல தெரிஞ்சா அடிப்பாகம்மா," என்றேன். அவர் சிரிக்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலையை வெடுக்கென்று ஒரு பக்கம் திருப்பினார். என் கண் அவர் மூக்கை விட்டு நழுவிப் போய், தட்டுத் தடுமாறித் திரும்பி வந்தது. மறுபக்கம் திருப்பினார், அங்கும் அப்படியே. அடுத்து ஒரு மெத்தையின் மேல் கால்களைச் சேர்த்து நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். வெட்டிய வாழை போலச் சாய்ந்தேன். நர்ஸ் தயாராக நின்றிருந்தார்.

"காதுல என்ன விடுறீங்க?"

எனக்கு ஆச்சரியம். "காது பிரமாதமா கேக்குதும்மா. சீழ்கூட நின்னுபோச்சு," என்று பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினேன், பதக்கம் காட்டுகிற மாதிரி.

அவர் அதைத் திருப்பிப் படித்தார். என் காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார். உள்காதில் கேட்பதற்கு ஒரு இடம், ஆடாமல் நிற்பதற்கு ஒரு இடம். கொத்தனார் வைத்துப் பார்க்கும் ரசமட்டம் போல ஆளுக்கு இரண்டு ரசமட்டம், காதுக்கு ஒன்று. இந்த மருந்து நல்ல மருந்துதான். சவ்வு முழுசாக இருக்கிற காதில் அது வாசலோடு நின்றுவிடும். ஓட்டை இருந்தால் உள்ளே போகும். நாள்கணக்கில் போனால் அந்த ரசமட்டத்தைத் தின்றுவிடும். சிலருக்குக் கேட்பதையும் தின்னும். எனக்குக் கேட்பதை விட்டுவைத்ததால்தான் நான் காதைச் சந்தேகப்படவே இல்லை.

"எப்பம்மா சரியாகும்?"

"போனது திரும்ப வராது. நடக்கறதுக்குப் பயிற்சி இருக்கு. கண்ணையும் காலையும் வெச்சுச் சமாளிக்கக் கத்துக்கலாம். வண்டி ஓட்டக்கூடாது."

ஏதாவது சொல்லிச் சிரிக்கவைக்கலாமா என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் கேட்டார்.

"இத வேற யாருக்காவது குடுத்தீங்களா?"

முன்கம்பியைப் பிடித்திருந்த கைகள் நினைவுக்கு வந்தன. கட்டுப் போட்ட மணிக்கட்டு நினைவுக்கு வந்தது. வீடே சிரித்த சத்தம் நினைவுக்கு வந்தது.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தேன். சின்னமனூர், உத்தமபாளையம், அனுமந்தன்பட்டி. எந்த ஊர்ப் பலகையும் படிக்கமுடியாமல் குதித்துக்கொண்டே போனது. மதினிக்குப் போன் போட்டேன். தோட்டத்தில் டவர் கிடைக்காது என்று தெரிந்தும் ஒன்பது தடவை போட்டேன். கண்டக்டர், "என்னண்ணே, வீட்டுக்காரம்மா கட் பண்ணிட்டாகளா?" என்று கேட்டார். சீட்டை வாங்கிக்கொண்டேன்.

நான் மதினி வீட்டுக்குப் போனபோது அவர் மலையிலிருந்து வந்து, வாசற்குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு கையால் குழாயைப் பிடித்திருந்தார். எப்போதிருந்து பிடிக்கிறார்?

"மதினி, இப்பிடி உக்காருங்க. என் மூக்கையே பாருங்க."

"என்ன கொழுந்தனாரே, புதுக் கூத்தா?" என்றார். ஆனால் உட்கார்ந்தார். அண்ணி முறைக்காரியை, சொட்டு விடும்போதுகூட, அதுவரை நான் கையால் தொட்டதில்லை. தலையை இரண்டு கையாலும் பிடித்தேன். டாக்டரம்மா செய்த மாதிரி, அதில் பாதி வேகத்தில், ஒரு பக்கம் திருப்பினேன்.

அவர் கண் என் மூக்கை விட்டு நழுவிப் போனது. தடுமாறித் திரும்பி வந்தது. மறுபக்கமும் திருப்பினேன். நான் கோவித்துக்கொள்ளும் என்று சொன்ன காதின் பக்கம். அந்தப் பக்கமும் நழுவியது.

"எத்தன நாளா மதினி?"

குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. அவர் எட்டி அடைக்கவில்லை.

"ஒரு மாசம் இருக்கும். நடந்தா மரமெல்லாம் குதிக்குது கொழுந்தனாரே. மூட்டையத் தூக்குனா பாதை எங்கன இருக்குன்னு தெரியல. முன்னால போறவ முந்தானையப் பிடிச்சுக்கிட்டுத்தான் இறங்குறேன்."

"ஏன் மதினி என்கிட்டச் சொல்லல?"

"உங்கள ஊரே எப்பிடிச் சிரிச்சாக? நீங்க ஆம்பள, கூடச் சேந்து சிரிச்சிட்டீக. எனக்கு அந்தப் பேரு வந்தா கங்காணி மறுநாள் ஜீப்புல ஏத்த மாட்டாக." குழாயை அடைத்துவிட்டு, "சரியாயிரும்னுதான் நீங்க குடுத்த மருந்த விடாம விட்டுக்கிட்டு இருக்கேன்," என்றார்.

"இன்னைக்கு விட்டீகளா?"

"காலைல விட்டேன். நாலு சொட்டு."

மறுநாள் இரண்டு பேரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வலது காதிலும் ஓட்டை இருந்தது. சின்ன ஓட்டை, சீழ் வராததால் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஸ்டாண்டில் போய் அந்தப் பாட்டிலை எடுத்துச் சாக்கடையில் எறிந்தேன். மற்ற டிரைவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அவர்கள் காதில் ஓட்டை இல்லை. அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மதினி அதற்கப்புறம் மலையேறவில்லை. இப்போது எங்களோடுதான் சாப்பிடுகிறார். பகலில் சுவரை ஒட்டி நடப்பார். பொழுது இறங்கினால் என் வீட்டுக்காரி தோளைப் பிடித்துக்கொள்வார். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

எங்கள் பக்கத்தில் அந்த மழைக்காலம் முழுவதும் பூமி ஒரு தடவைகூட ஆடவில்லை. என் மதினியின் இரண்டு காதிலும், காலையும் மாலையும், எழுபது நாளைக்குக் குறையாமல் அந்த மருந்து போனது. அதை முதலில் விட்டவன் நான்.